18 பைட் சும்மா

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூர் ஆயர் ராஜா கிரசெண்டில் ஒரு ஏஐ ஸ்டார்ட்அப்பில் இருக்கிறேன். எட்டு வருடம் கோட் எழுதினேன். இப்போது டெவலப்பர் ரிலேஷன்ஸ் குழுவுக்குத் தலைமை ஏற்கச் சொல்கிறார்கள். வெளியே இருக்கும் புரோகிராமர்களை எங்கள் ஏபிஐ (அவர்கள் புரோகிராம் எங்கள் ஏஐயோடு பேசும் வழி) பக்கம் கொண்டுவர வேண்டும். “இவ்வளவு படிச்சிட்டு விளம்பரத்துக்குப் போறியா?” என்கிறார் அப்பா. இது பொறியாளர் வேலையா, விற்பனை வேலையா? தமிழ் மாணவர்களுக்கு எழுதிய அறிமுகக் குறிப்பையும் இணைத்திருக்கிறேன்.

கே., பொங்கோல்

அன்புள்ள கே.,

அப்பா சொல்வது பாதி சரி. 1984இல் மெக்கிண்டாஷ் கணினி வந்த காலத்தில் ஆப்பிள் இதே வேலைக்கு ஆள் வைத்து ‘இவாஞ்சலிஸ்ட்’, அதாவது மதப் பிரசாரகர், என்றே பெயர் சூட்டியது. அதை அப்பாவிடம் சொல்லாதீர்கள், இன்னும் பயந்துவிடுவார். பதவி, சம்பளம் பற்றியெல்லாம் என்னைக் கேட்கவும் வேண்டாம்.

உங்கள் குறிப்பைத் திறந்தேன். “சும்மா ஐந்தே நிமிடத்தில் தொடங்கலாம்.” அடுத்து, “ஏபிஐ கீயைச் சும்மா ஒட்டுங்கள்.” கீ என்பது கடவுச்சொல் மாதிரி ஒரு ரகசியக் குறியீடு. ஒரே பக்கத்தில் ஏழு சும்மா. உட்கார்ந்து எண்ணினேன். யாருக்குச் சும்மா? எட்டு வருடம் கோட் எழுதிய உங்களுக்கு. பாலிடெக்னிக் முதலாண்டுப் பையன், ஒட்டச் சொன்னார்களே என்று கோடுக்குள்ளேயே ஒட்டி, கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிவிடுவான். கீ ஊருக்கே தெரியும், யார் பயன்படுத்தினாலும் பில் அவன் தலையில். இன்னொருத்தி எங்கே ஒட்டுவது என்று தெரியாமல், இதுகூட நமக்கு வரவில்லையே என்று மூடிவிடுவாள். உங்களுக்குப் புகார்கூட வராது.

நானும் இதே பாவத்தைச் செய்தவன்தான். 1997, இங்கே சிங்கப்பூரில் கணினித் தமிழுக்கான தமிழ்நெட் மாநாடு நடந்த வருடம். நா. கோவிந்தசாமி போன்றவர்கள் கணினியில் தமிழுக்காக ஓடிக்கொண்டிருந்தார்கள். எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறு. அனுப்பியவரின் எழுத்துரு நம்மிடம் இல்லையென்றால் மடலில் கொக்கியும் கோடும்தான். நான் ஒருபக்க வழிகாட்டி அடித்து விநியோகித்தேன்: “எழுத்துருவைச் சும்மா நிறுவிக்கொள்ளவும்.” தோ பாயோவில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். இடது கையில் என் தாள், வலது கையில் மவுஸ். “நிறுவுன்னு ஒரு பொத்தான் இருக்கணுமே தம்பி, அரைமணி நேரமாத் தேடுறேன்” என்றார். திரையில் இருந்தது ‘இன்ஸ்டால்’. என் தூய தமிழ் அங்கே எந்த மூலையிலும் இல்லை. “எனக்கு வயசாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க” என்று அவர்தான் சொன்னார். அந்தத் தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பொறுப்பை ஏற்றால் முதல் மாதம் ஹேக்கத்தான் என்ற கோட் எழுதும் போட்டி, டீ-சட்டை, ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம். ஒரு மாணவரை உட்காரவைத்து, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். அவர் விரல் எங்கே நிற்கிறதோ அதைக் குறித்துக்கொண்டு போய் உங்கள் ஆபீசில் சண்டை போடுங்கள்.

அப்புறம், ஆங்கிலத்தில் கேட்ட அதே கேள்வியைத் தமிழில் கேட்டால் பல ஏஐ மாடல்களில் டோக்கன் (மாடல் எழுத்தை வெட்டிக் கணக்கிடும் துண்டு) கூடும், காசும் கூடும். குறிப்பில் அதைப் பற்றி மூச்சே இல்லை. ‘சும்மா’ நமக்கு மூன்றெழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் யூனிகோடில் ஆறு குறியீடு, அதைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 18 பைட். அதுகூடச் சும்மா வரவில்லை, பாருங்கள்.

திருத்தி அனுப்புங்கள், படிக்கிறேன். அப்பாவுக்கு என் வணக்கம்.