வீட்டிலேயே கார்பன் ஃபைபர் பலகை வைத்து எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு செய்ய முடியுமா?

முடியும். காரைக்குடியில், எங்கள் ஐயா கட்டிய வீட்டின் இரண்டாம் கட்டு எனப்படும் உள்பகுதியில் வைத்துச் செய்த பலகையைத்தான் இப்போதும் ஓட்டுகிறேன். மோட்டார், பேட்டரி பற்றி ஓரளவு படித்துவிட்டதாகவும், பலகையை மரத்தில் செய்வதா கார்பனில் செய்வதா என்பதில்தான் குழப்பம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதனால் பலகையைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

கார்பன் பலகை என்றால் எடை குறைவு, உறுதி அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை. மரப்பலகையில் பேட்டரியைக் கட்டினால் அது வெறும் பலகை. கார்பன் பலகையில் கட்டினால் அதையும் சர்க்யூட்டின் ஒரு பாகமாக நினைத்துத்தான் ஒவ்வொரு வேலையையும் செய்ய வேண்டும். துளை போடுவது, பெட்டி பொருத்துவது, ரிமோட் ரிசீவரை எங்கே வைப்பது, எல்லாமே இதை ஒட்டித்தான் முடிவாகும்.

முழுப் பலகையையும் கார்பனில் செய்யத் தேவையில்லை. ஒரு தகட்டின் தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். அந்தத் தடிமனை இலேசான மரம் கொடுக்கட்டும், மேலும் கீழும் கார்பன் தோலாக இருந்தால் போதும். எங்கள் ஊரில் இருப்பதால் பர்மா தேக்கு ஆசை எனக்கும் வந்தது. முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள் கடைகளில், இடித்த வீடுகளின் மரம் கிடைக்கும். ஆசாரி அண்ணனிடம் கேட்டேன். "தம்பி, உள்ளே ஒளிஞ்சு கிடக்கப்போற மரத்துக்குத் தேக்கு எதுக்கு? கனம்தான் கூடும். நல்ல மரைன் பிளை எடுங்க, வளையாது, பிரியாது" என்றார். 9 மி.மீ. மரைன் பிளை (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) வாங்கினேன். அதன் இரு பக்கமும் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) கார்பன் துணி இரண்டிரண்டு அடுக்கு. ஒரு அடுக்கின் இழை பலகையின் நீளவாக்கில் ஓட வேண்டும், இன்னொன்று 45 பாகை சாய்வில். சாய்வு அடுக்கு இல்லையென்றால் திரும்பும்போது பலகை முறுக்கிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு அடுக்கு கண்ணாடி இழைத் துணி. இது மின்சாரத்தைக் கடத்தாது. துணிகளை ஒட்டி இறுகும் பிசினான ரெசின் ஊறியதும் வெள்ளைத் துணி கண்ணெதிரே மறைந்து, அடியிலிருக்கும் கருப்பு நெசவு பளிச்சென்று தெரியும். அழகுக்கும் குறைவில்லை, காப்புக்கும் குறைவில்லை.

அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டுமா? ஆத்தங்குடிக்குப் போய், தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்யும் ஒரு பட்டறையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த முகம்தான் அந்தக் கல்லின் பளபளப்பான முகம். கார்பன் வேலையிலும் இதே முறைதான். தடித்த கண்ணாடித் தகட்டில் மெழுகை நன்றாகத் தேய்த்துவிட்டு, அதன் மேல் அடுக்க வேண்டும். மெழுகு விட்டுப்போன இடத்தில் ரெசின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வராது. மேல்பக்கத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அதில் கால் வழுக்காமல் இருக்கக் கிரிப் டேப் ஒட்டப்போகிறோம்.

அடுக்கியதும் பிளாஸ்டிக் உறையால் மூடி, ஓரத்தைக் கண்ணாடியோடு ஒட்டி, காற்றை உறிஞ்ச வேண்டும். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஒன்று போதும், ஃபிரிட்ஜ் மெக்கானிக் கடையில் சொல்லிவைத்தால் கிடைக்கும். முழுதாக உறிஞ்சினால் வெளிக்காற்று பலகை மேல் இரண்டு டன்னுக்கு மேல் எடையோடு அழுத்தும். கல்லை அடுக்கி வைத்து இந்த அழுத்தத்தைக் கொண்டுவரவே முடியாது.

ரெசின் விஷயத்தில் நம் ஊர் வெயிலை மறந்துவிடாதீர்கள். இங்கே எளிதாகக் கிடைப்பது எல்ஒய்556 எபாக்ஸி ரெசினும், அதை இறுக வைக்கும் எச்ஒய்951 ஹார்ட்னரும். எடைக்கு எடை 100 கிராமுக்கு 10 கிராம். கண் அளவில் ஊற்றக்கூடாது, நகைக்கடைத் தராசு போல ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். சூடு 10 டிகிரி ஏறினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சித்திரை மாத மத்தியானத்தில் ஒரு டம்ளர் நிறையக் கலந்து வைத்தால், துணியில் தடவுவதற்குள் டம்ளரிலேயே சூடேறிப் புகைந்து கல்லாகிவிடும். விடியற்காலையில் ஆரம்பியுங்கள். கலந்ததும் அகலமான தட்டில் பரப்பிவிடுங்கள், சூடு ஒரே இடத்தில் சேராது.

சாதாரண வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி 60 டிகிரிக்குப் பக்கத்தில் இளக ஆரம்பிக்கும். கருப்புப் பலகையை வெயிலில் போட்டுவைத்தால் அந்தச் சூட்டை எட்டிவிடும். கிளைடர் விமானங்களுக்கு வெள்ளை வண்ணம் அடிப்பதும் இதே காரணத்தால்தான். ஓட்டி முடித்ததும் திண்ணை நிழலில் வையுங்கள்.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். டிரக் எனப்படும் அச்சுப்பகுதி பெரும்பாலும் அலுமினியம். கார்பனும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டு, நடுவே கொஞ்சம் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அதுவே ஒரு சின்ன மின்கலம். அதில் அரிபடுவது அலுமினியம். 1953 முதல் காரைக்குடியில் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் (நாங்கள் சிக்ரி என்போம்) பேட்டரியைப் போலவே உலோக அரிப்பும் ஒரு முக்கியமான ஆராய்ச்சித் துறை. இந்த ஊர்ப் பிள்ளைகள் அலட்சியமாக இருக்கக்கூடாத விஷயம் இது. போல்ட் துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் முழுதாக நிரப்பி, இறுகியபின் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். போல்ட் கார்பனைத் தொடாது. டிரக்குக்கும் பலகைக்கும் நடுவே ரப்பர் பேட். போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

வயர் பலகையைத் தாண்டும் இடத்தில் ரப்பர் குரோமெட் (துளையின் விளிம்பை மூடும் வளையம்) கட்டாயம். வெட்டிய கார்பன் விளிம்பு அரம் மாதிரி இருக்கும். அதிர்வில் உறை தேய்ந்து கம்பி கார்பனைத் தொட்டால் ஷார்ட்தான். பத்து செல் வரிசைப் பேட்டரி முழு சார்ஜில் 42 வோல்ட், கீழே லித்தியம். விளையாட்டில்லை. கார்பனை அறுக்கும்போது பறக்கும் தூளும் கடத்தும். அறுப்பதையும் தேய்ப்பதையும் முற்றத்தில், முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்துக்கொண்டே செய்யுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் பெட்டி பக்கத்திலேயே இருக்கக்கூடாது.

ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும். கார்பன் அந்த அலையை மறைத்துவிடும். ரிசீவரைக் கார்பன் பெட்டிக்குள் பூட்டினால், பிரேக் பிடிக்கும் நேரத்தில் சிக்னல் போகலாம். பேட்டரிப் பெட்டியைக் கண்ணாடி இழையிலோ ஏபிஎஸ் பிளாஸ்டிக்கிலோ செய்து, ஆன்டெனாவைப் பின்பக்கமாக வெளியே பார்க்க வையுங்கள்.

மோட்டார் பக்கம் சுருக்கமாக. 170 கேவி மோட்டார் (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 170 சுற்று), பத்து செல்லின் சராசரி 36 வோல்ட், மோட்டார் பக்கம் 15 பல்லும் சக்கரப் பக்கம் 36 பல்லும் உள்ள பெல்ட், 90 மி.மீ. சக்கரம் என்றால் கணக்குப்படி மணிக்கு 43 கி.மீ. வேகம், ஆள் ஏறினால் 35 பக்கம். மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலருக்கு ஸ்வீடன்காரர் பெஞ்சமின் வெடர் திறந்த மூலமாக வெளியிட்ட வெஸ்க் வகையை எடுங்கள், வேகத்தையும் கரண்டையும் நீங்களே மட்டுப்படுத்திக்கொள்ளலாம். 3000 எம்ஏஎச் (3 ஆம்பியர்-மணி) கொள்ளளவுள்ள, 18650 எனும் உருளை வடிவ லித்தியம் செல் 40 சேர்த்தால் 432 வாட்-மணி. ஒரு கிலோமீட்டருக்கு 12 முதல் 15 வாட்-மணி செலவாகும், 30 கி.மீ. பக்கம் போகும். பழைய லேப்டாப் செல்லை உடைத்துச் சேர்க்காதீர்கள். பலகையில் மிச்சம் பிடிக்கலாம், செல்லில் மிச்சம் பிடிக்கவே கூடாது. சாலிடர் சூடு செல்லைக் கெடுக்கும், நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங்தான் செய்ய வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது மோட்டார் பேட்டரிக்கே கரண்டைத் திருப்பி அனுப்பும். முழு சார்ஜோடு கிளம்பி உடனே இறக்கத்தில் பிரேக் பிடித்தால் வோல்டேஜ் எல்லை தாண்டும். பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் சர்க்யூட்) அந்த வழியை அடைத்துவிட்டால் பிரேக்கே இருக்காது. அதனால் பிஎம்எஸ்ஸைச் சார்ஜ் பாதைக்கு மட்டும் வையுங்கள், மோட்டார் பாதையில் ஃபியூஸ் போடுங்கள், செல்லுக்கு 4.1 வோல்ட்டோடு சார்ஜை நிறுத்துங்கள்.

எங்கே ஓட்டுவது? பொதுச்சாலையில் வேண்டாம். 250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்ட பேட்டரி வண்டிக்குத்தான் பதிவிலிருந்து விலக்கு, நம்முடையது அதைத் தாண்டும். நான் புதுவயல் பக்கம் தெரிந்த அண்ணாச்சியின் அரிசி ஆலையில், நெல் காயாத நாட்களில் சிமெண்ட் களத்தில் ஓட்டுகிறேன். தரை சமமாக, அகலமாக இருக்கும். ஒரு நெல்மணி சக்கரத்தில் சிக்கினால்கூடத் தடுக்கும், பெருக்கிவிட்டுத்தான் ஏற வேண்டும். ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு இல்லாமல் பலகையில் கால் வைக்காதீர்கள்.

ஓட்டி வந்ததும் பேட்டரி ஆறும்வரை சார்ஜ் போடாதீர்கள், செல் 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் ஏற்றக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வையுங்கள்.