சரவுண்ட் ஸ்பீக்கரைத் திறந்து உதிரிபாகம் மாற்றினால் பலன் உண்டா?

கிராஸ்ஓவரில் (பெட்டிக்குள் ஒலியை மேல், கீழ் அலைவரிசைகளாகப் பிரிக்கும் சர்க்யூட்) இருக்கும் கெப்பாசிட்டர், உள் வயர் எல்லாவற்றையும் உசத்தியானதாக மாற்றினால், ஹோம் தியேட்டரில் நம் பக்கவாட்டில் வைக்கும் சரவுண்ட் ஸ்பீக்கரில் வித்தியாசம் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழசாகி ஏதாவது கெட்டிருந்தால் தெரியும். நன்றாகப் பாடிக்கொண்டிருப்பதைத் திறந்தால் பெரும்பாலும் கைச்செலவுதான்.

நானும் செய்து பார்த்தவன். எலக்ட்ரோலைட்டிக் (உள்ளே திரவம் உள்ள வகை) கெப்பாசிட்டர்களைக் கழற்றிவிட்டு அதே மதிப்பில் பாலிப்ராப்பிலீன் ஃபிலிம் வகையைப் போட்டேன். விரல் நுனி அளவு இருந்த இடத்தில் டார்ச் பேட்டரி அளவு ஒன்று, போர்டில் உட்காராமல் கேபிள் டை போட்டுக் கட்ட வேண்டியதாயிற்று. நல்லவேளை, ஒரு பெட்டியை முடித்ததும் இரண்டையும் அருகருகே வைத்து, மோனோவில் (இரண்டிலும் ஒரே ஒலி) ஒரே பாட்டை மாற்றி மாற்றிக் கேட்டேன். மாற்றிய பெட்டியில் சிம்பல் சத்தம் லேசாகத் தூக்கலாக இருந்தது, ஆஹா என்று குதித்தேன். அப்புறம்தான் உறைத்தது, ஃபிலிம் கெப்பாசிட்டருக்கு உள் மின்தடை குறைவு, அதனால் மேல் அலைவரிசையைப் பாடும் ட்வீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகிறது, அவ்வளவுதான். கெப்பாசிட்டரோடு தொடரில் ஒரு ஓமுக்கும் குறைவான ரெசிஸ்டரைச் சேர்த்தேன். எது புதுசு, எது பழசு என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. இன்னொரு பெட்டிக்கு வாங்கியவை இன்னும் டிராயரில் கிடக்கின்றன.

சரவுண்டுக்கு வரும் வேலையையும் பாருங்கள். வசனம் முன்னால் நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கரில் போய்விடுகிறது, வழக்கமான 80 ஹெர்ட்ஸ் அமைப்பில் அதற்குக் கீழே உள்ளதை சப்ஊஃபர் வாங்கிக்கொள்கிறது, மிச்சம் பெரும்பாலும் மழை, கூட்ட இரைச்சல், எதிரொலி. இதற்கு மேல் ரிசீவர் (எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் ஆம்ப்) மைக் வைத்துத் தானாகச் சரிசெய்தால் அந்தச் சின்ன ஏற்ற இறக்கமும் போய்விடும். வயருக்கும் இதே கதை, 16 கேஜ் தடிமன் செம்பு வயர் 10 மீட்டர் போனாலும் போக வர சேர்த்து மின்தடை கால் ஓம் சுமார்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது தாராளம்.

எனக்கு உண்மையில் வித்தியாசம் காட்டியது தூரம் அளக்கும் டேப். இடது சரவுண்ட் சோபாவுக்கு ஒரு மீட்டர் நெருக்கமாக இருந்தது, ரிசீவரில் இரண்டுக்கும் ஒரே தூரம் போட்டு வைத்திருந்தேன். ஒலி ஒரு மில்லி செகண்டில் 34 செ.மீ. போகும், அப்படியென்றால் கிட்டத்தட்ட 3 மில்லி செகண்ட் முந்திக்கொண்டு வந்திருக்கிறது! தூரத்தையும் லெவலையும் சரியாகப் போட்டு, பெட்டிகளைப் பக்கவாட்டிலிருந்து சற்றே பின்னால், நேர் முன்னிலிருந்து 110 டிகிரி வாக்கில் நகர்த்தினேன். செலவு ஒரு பைசா இல்லை.

இருபது வருடப் பழசு என்றால் திறக்கலாம். எலக்ட்ரோலைட்டிக் காய்ந்துபோய் ஒரு பக்கம் மந்தமாகக் கேட்கும், கீழ் அலைவரிசையைப் பாடும் ஊஃபர் ஓரத்து ஃபோம் தொட்டாலே பொடியாக உதிரும். ஃபோம் மட்டும் தனியாகக் கிடைக்கும், பொறுமையாக ஒட்டினால் ஊஃபர் பிழைத்துவிடும். கெப்பாசிட்டர் மதிப்பை மட்டும் கூட்டிப் போடாதீர்கள், கீழ் அலைவரிசைகளும் ட்வீட்டருக்குப் போய் அது கருகும். ஸ்குரூவில் கை வைக்கும் முன் இடது வலது பெட்டிகளை இடம் மாற்றி மாட்டிப் பாருங்கள். மந்தம் பெட்டியோடு போகாமல் அதே பக்கத்தில் நின்றால் கோளாறு ரிசீவரிலோ வயரிலோ இருக்கிறது.