முதல் செலவு மொட்டை மாடிக்கு

கேள்வி: எங்கள் பங்குக் கோயிலுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. போன மழையில் பாடகர் குழு நிற்கும் இடத்தில் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்தது. நல்லவேளையாக அப்போது பூசை இல்லை. சுவரெல்லாம் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்கிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்கிறார்கள் சிலர். ஃபால்ஸ் சீலிங் போட்டு, சுவருக்கு டைல்ஸ் ஒட்டினால் போதும் என்கிறார் கான்ட்ராக்டர். மீன்பிடித் தொழிலையும் ஹார்பர் வேலையையும் நம்பியிருக்கும் குடும்பங்கள் நாங்கள். பங்குப் பேரவையில் இருக்கும் நான் எந்தப் பக்கம் பேசுவது? பணத்துக்கு எங்கே போவது?
– வாசகி, காசிமேடு

பதில்: அன்புச் சகோதரி, முதலில் காரை விழுந்த இடத்துக்குக் கீழே இருக்கும் பெஞ்சுகளை எடுத்துவிட்டுக் கயிறு கட்டுங்கள். இது இன்றைக்கே நடக்க வேண்டும். பாடகர் குழு கொஞ்ச நாள் வேறு பக்கம் நின்று பாடட்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

எந்தப் பக்கமும் பேச வேண்டாம் என்றுதான் சொல்வேன். இடிக்கச் சொல்பவர்களும் சரி, மூடச் சொல்பவரும் சரி, தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்த்ததாகத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

அந்தக் காலத்துக் கட்டடம் என்றால் கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸாக இருக்கும். தேக்குக் கட்டைகளுக்கு மேல் மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக நிறுத்தி மூலைவாட்டில் அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்தித் தட்டையான ஓடு பதிப்பார்கள். பராமரித்தால் நூறு வருடத்தில் ஓய்ந்துபோகிற கூரை இல்லை இது. சுண்ணாம்பும் செங்கல்லும் எவ்வளவு காலம் நிற்கும் என்று பேரவையில் யாராவது கேட்டால் பக்கத்திலேயே காட்டலாம். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680-இல் அர்ச்சிக்கப்பட்டது. அரண்மனைக்காரத் தெருவில் இருக்கும் ஆர்மீனியன் சர்ச் 1772-இல் கட்டியது.

இந்தக் கூரைக்கு எமன் தேங்கும் தண்ணீர். மழைநீர்க் குழாய் இலை தழையால் அடைத்துக்கொள்ளும். கைப்பிடிச் சுவர் இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைக்கும். தண்ணீர் மெல்ல இறங்கி, சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டையின் முனையை உளுத்துப்போகச் செய்யும். கீழிருந்து பார்த்தால் கட்டை நன்றாகத்தான் தெரியும், முனைதான் போயிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தால் மரம் கெட்டியா மாவா என்று தெரிந்துவிடும். ஒழுகும்போதெல்லாம் மேலே சிமென்ட்டும் தார் ஷீட்டும் அடுக்கடுக்காகப் போட்டிருந்தால், அந்தப் பாரத்தையும் இந்தக் கட்டைகள்தான் சுமக்கின்றன. ஃபால்ஸ் சீலிங் இதையெல்லாம் கண்ணில் படாமல் மறைத்துவிடும். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

சுவர் விஷயம் வேறு. வடசென்னையில் சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டு, பழைய கட்டடங்களின் தரை தெருவுக்குக் கீழே போய்விட்டது. கோயில் வளாகத்திலும் சுவரை ஒட்டி சிமென்ட் தளமோ பேவர் கல்லோ போட்டிருந்தால், மண்ணின் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் வழியாக ஏறும். வரும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வரும், கடல் காற்று கொண்டுவரும் உப்பு அதோடு சேரும். ஈரம் காயும்போது உப்பு பூச்சுக்குள் கட்டியாகி, அதைப் பொரிய வைத்துத் தள்ளும். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூசுவதும் டைல்ஸ் ஒட்டுவதும் நனைந்த உடம்பின்மேல் ரெயின்கோட் மாட்டுவதுபோல. ஈரம் டைல்ஸைத் தாண்டி இன்னும் மேலே ஏறி உதிர்க்கும். சுவரோரத் தளத்தை இரண்டடி அகலத்துக்குப் பெயர்த்துவிட்டுத் தண்ணீர் ஓடக் கால்வாய் விடுங்கள். சிமென்ட் பூச்சைக் கொத்திவிட்டுச் சுவரைக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்பிலேயே பூசுங்கள். கடுக்காய், வெல்லம் சேர்த்துக் கலவை போடத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய கோயில் திருப்பணி நடக்கும் இடங்களில் விசாரித்தால் கிடைப்பார்கள். எமல்ஷன் பெயின்ட் வேண்டாம், சுண்ணாம்பு அடித்தால் போதும்.

முகப்பு போர்டிகோவோ பாடகர் மாடமோ பின்னாளில் கான்கிரீட்டில் சேர்த்ததாக இருந்தால் அதற்கு வைத்தியம் வேறு. அங்கே உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, காரையைப் பிளந்து தள்ளும். காரை விழுந்த இடத்தில் கம்பி தெரிகிறதா, கட்டை தெரிகிறதா என்று பாருங்கள். இதற்கெல்லாம் கான்ட்ராக்டரின் கண் மட்டும் போதாது. பழைய கட்டடத்தில் பழக்கமுள்ள ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். ஆள் தெரியாவிட்டால் பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பின் சென்னைக் கிளையில் கேட்கலாம். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உங்கள் கோயில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இருந்தால் நினைத்தபடி இடிக்க முடியாது. பட்டியலில் இல்லாவிட்டாலும், உங்கள் பாட்டன் பூட்டன் ஞானஸ்நானம் வாங்கிய சுவர்களை ஒரு அடைத்த குழாய்க்காக இடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ‘காப்பாற்ற முடியாது’ என்று அந்த அறிக்கையே சொன்னால் மட்டும் அந்தப் பேச்சை எடுங்கள்.

இனி பணம். தேவாலயங்களைப் பழுதுபார்க்கத் தமிழக அரசின் மானியம் இருக்கிறது. கோயில் சொந்தக் கட்டடத்தில் குறைந்தது 10 ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும், வயது கூடக் கூடத் தொகையும் கூடும். ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் சிறுபான்மையினர் நலப் பிரிவில் விண்ணப்பம் கிடைக்கும். நிலப் பத்திரம், வரைபடம், எஸ்டிமேட் எல்லாம் கேட்பார்கள், அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள், பணம் தவணையாக வங்கிக் கணக்குக்கு வரும். ஒரு முறை வாங்கினால் அடுத்த 5 ஆண்டுகளுக்குக் கேட்க முடியாது. அதனால் அந்தப் பணத்தை அலங்கார வளைவுக்கும் கிரானைட்டுக்கும் போட்டுவிடாமல் கூரைக்கே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வேலை என்றால் மறைமாவட்டத்தின் எழுத்து அனுமதியும் வேண்டியிருக்கும். ஃபாதரிடம் அதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

இதற்கென்று வெளிநாட்டு நிதி வாங்கியிருந்தால் மானியம் கிடைக்காது. வளைகுடாவில் வேலை பார்க்கும் உங்கள் பங்குப் பிள்ளைகள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நிதிச் சட்டத்தில் வராது. அந்நியக் குடியுரிமை வாங்கிவிட்டவர் தந்தால், சொந்தத் தம்பியே ஆனாலும் அந்தச் சட்டத்தில் வரும். எதற்கும் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளூர்க் காணிக்கையைக் குறைத்து நினைக்காதீர்கள். ராயபுரம் புனித பேதுரு கோயிலை எழுப்பியவர்கள் படகோட்டிச் சமூகத்தார். அன்பியம் (பங்கிலுள்ள சிறு குடும்பக் குழு) வாரியாக மாதம் ஒரு சிறு தொகை, அதற்குத் தனி வங்கிக் கணக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஞாயிறு பூசை அறிவிப்பில் வரவு செலவு. கணக்கு காதில் விழுந்தால் கை தானாக நீளும். சுரூபத்துக்கும் சீரியல் லைட்டுக்கும் உபயம் தர ஆள் வரிசையில் நிற்கும், குழாய்க்குத் தருகிறவர் அபூர்வம். அப்படித் தருகிறவர் பெயரையும் கல்வெட்டில் போடுங்களேன்!

சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும் என்பதால் பெரிய வேலையைப் பொங்கலுக்குப் பிறகு தொடங்கி மழைக்கு முன் முடியுங்கள். வருடா வருடம் செப்டம்பரில் இளைஞர் மன்றத்தை மாடிக்கு அனுப்பி, குழாயைச் சுத்தம் செய்து, முளைத்த செடியை வேரோடு எடுக்கச் சொல்லுங்கள். பார்த்ததைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி, போட்டோவும் ஒட்டட்டும். ஃபாதர்கள் மாறிப் போவார்கள், நோட்டு பேரவையிடம் இருக்கும்.

இன்ஜினீயர் அறிக்கை வந்ததும் மறுபடி எழுதுங்கள். எத்தனை கட்டை மாற்ற வேண்டும் என்று தெரிந்தால், எதை இந்த வருடம் செய்வது, எதை அடுத்த வருடத்துக்கு வைப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.