தடித்த ரெட்ரோ ஸ்லாப் செரிஃப் (முனைகளில் கனமான பட்டைகள் கொண்ட) எழுத்துருவை லோகோ, போஸ்டர், வலைத்தளம் மூன்றுக்கும் பயன்படுத்தலாமா?

போஸ்டருக்குத் தாராளமாக எடுங்கள். லோகோவுக்குப் பெயரைப் பொறுத்தது. வலைத்தளம் முழுக்க என்றால் வேண்டவே வேண்டாம்.

இந்த வகை எழுத்து பிறந்ததே தெருவில் போகிறவரை நிறுத்தத்தான். 1810-களில் லண்டனில் எழுத்து வார்ப்பாளர் வின்சென்ட் ஃபிகின்ஸ் இதை ‘ஆன்டீக்’ என்ற பெயரில் வார்த்தபோது சுவரொட்டிகள் பெருக ஆரம்பித்திருந்தன. புத்தக எழுத்தை அப்படியே பெரிதாக்கினால் தூரத்திலிருந்து பார்க்கும்போது அதன் மெல்லிய கோடுகள் காணாமல் போய்விடும். அதனால் கோட்டைத் தடிப்பாக்கி, முனையில் இருக்கும் செரிஃபையும் செங்கல் மாதிரிக் கனமாக்கினார்கள். 1827-ல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்துகளை இயந்திரத்தில் குடைந்தெடுக்கத் தொடங்கினார். ஈய எழுத்தின் கனமும் செலவும் தடையாக இல்லாமல் போக, எழுத்துகள் கூச்சமில்லாமல் குண்டாயின.

சரி, விளையாட்டுத்தனம் எங்கிருந்து வருகிறது? ஆங்கிலத்தின் சின்ன ‘ஆர்’ (r) எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கீழே சதுரமான, கறாரான பாதம். மேலே உருண்டு திரண்ட முனை. 1845-ல் வந்த கிளாரண்டன் என்ற எழுத்துருவில் பெரிய ‘ஆர்’ (R) எழுத்தின் கால், கடைசியில் மேல்நோக்கிச் சுருண்டு நிற்கும். முறைப்பும் குறும்பும் ஒரே எழுத்தில் இருப்பதுதான் இதன் அழகு. இதற்கு மேல் நிழல், இரட்டை ஓரம், தேய்ந்த அச்சு என்றெல்லாம் ஏற்றினால் எழுத்தே தெரியாது. எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது.

லோகோவுக்குச் சின்னப் பெயராக இருந்தால் நல்லது. சோனிக்கு ஆங்கிலத்தில் நான்கே எழுத்து, ஐபிஎம்முக்கு மூன்றே. இரண்டுமே ஸ்லாப் செரிஃப்தான், ஆனால் நீங்கள் கேட்கும் அளவுக்குக் குண்டு இல்லை. ‘எம்’, ‘டபிள்யூ’ நிறைய வரும் நீளமான பெயர் என்றால் அகலம் கைமீறிப் போகும். இன்னொன்று, உள்ளே இருக்கும் ஓட்டைகள். சின்ன ‘ஏ’ (a), ‘ஈ’ (e) இரண்டிலும் ஏற்கெனவே கீற்றளவு வெள்ளைதான் இருக்கும். பிரவுசர் தாவலில் வரும் 16 பிக்சல் ஐகானில் அதுவும் அடைபட்டு, இரண்டும் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். வலைத்தளத்தின் பத்திகளுக்கு ஆகாது என்று சொன்னதும் இதனால்தான். அங்கே அலட்டல் இல்லாத ஒரு சான்ஸ் செரிஃப், அதாவது செரிஃபே இல்லாத எழுத்துரு, போதும். ஸ்லாப் தலைப்போடு நிற்கட்டும்.

அப்புறம் கெர்னிங், அதாவது எழுத்துக்கு எழுத்து விடும் இடைவெளி. மென்பொருள் போடும் இடைவெளியை நம்பாமல் கையால் சரிசெய்யுங்கள். பெரிய ‘ஏ’ (A), ‘வி’ (V) அடுத்தடுத்து வந்தால் மேலும் கீழும் செரிஃப்கள் நீட்டிக்கொண்டு நெருங்க விடாது, பக்கத்திலேயே ‘எச்’, ‘ஐ’ பாதங்கள் இடித்துக்கொள்ளும். இடித்தால் முழுசாக ஒட்டவே விட்டுவிடலாம், பழைய போஸ்டரின் களை வந்துவிடும். மயிரிழை இடைவெளி விடுவதுதான் அசிங்கம்.

காசு கொடுக்கும் முன் விற்பனைப் பக்கத்தின் மாதிரிப் பெட்டியில் உங்கள் பெயரையும் 0 முதல் 9 வரை எண்களையும் தட்டிப் பாருங்கள். வலைத்தளத்தில் பயன்படுத்தப் பெரும்பாலும் தனி உரிமம் கேட்பார்கள், அதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.