சாவி சரியாகத் திரும்பியும் கார் ஏன் ஸ்டார்ட் ஆவதில்லை?

இம்மொபிலைசர் என்பது, காருக்குத் தெரிந்த சாவி அருகில் இல்லாவிட்டால் எஞ்சினை இயங்கவிடாத மின்னணுப் பூட்டு. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் எழுப்பும் காந்தப்புலத்திலிருந்து (பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ்) மின்சாரத்தைப் பெற்று, சாவியின் தலைக்குள் இருக்கும் சில்லு தன் அடையாளத்தை அறிவிக்கிறது. அது பொருந்தாவிட்டால் கட்டுப்பாட்டுக் கணினி எரிபொருளையோ தீப்பொறியையோ ஸ்டார்ட்டரையோ தடுத்துவிடும். கதவைத் திறந்து உள்ளே வந்தவரிடமும் அடையாளச் சொல்லைக் கேட்கும் காவலாளியைப் போன்றது இது.

கோளாறு வந்தால் முதலில் மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். அதில் ஓடினால் பழுது பெரும்பாலும் பழைய சாவியில்தான். அதிலும் ஓடாவிட்டால் கம்பிச்சுருள், வயர் இணைப்பு, வலுவிழந்த கார் பேட்டரி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இந்த எளிய சோதனைக்கு முன்பே கணினியை மாற்றச் சம்மதிப்பது வீண்செலவு என்பதே என் உறுதியான கருத்து. ஒரே கொத்தில் இன்னொரு சில்லுச் சாவி இருந்தாலும் குழப்பம் நேரலாம். பொத்தானால் ஸ்டார்ட் ஆகும் கார்களில் ரிமோட் சாவியின் பேட்டரி தீர்ந்துபோனால், கையேடு காட்டும் இடத்தில், பலவற்றில் ஸ்டார்ட் பொத்தான்மீதே, அந்த ரிமோட் சாவியை ஒட்டிப் பிடித்தால் எஞ்சின் இயங்கும்.

வெட்டி எடுத்த நகல் சாவி கதவைத் திறப்பதால் எஞ்சினையும் இயக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கார் ஏற்கும் சில்லு அதற்குள் இல்லாதவரை அது இயக்காது.