பாதைக்கு முன்னால் தண்ணீருக்கு வழி

கேள்வி: ஐயா, விளாத்திகுளம் பக்கத்தில் எங்கள் சொந்தக் கரிசல் நிலத்தில் வீடு கட்டுகிறோம். கணவர் திருப்பூரில் வேலை பார்ப்பதால் கட்டட வேலையை நான்தான் கவனிக்கிறேன். தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு 200 அடி வண்டிப்பாதை. பேஸ்மெண்ட் முடிந்த நேரம் பார்த்து ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. போன வாரம் எம்-சாண்ட் ஏற்றி வந்த டிப்பர் பாதி வழியில் அச்சு வரை புதைந்து, ஜேசிபி வைத்து இழுத்தோம். உடனே சிமெண்ட் ரோடு போடச் சொல்கிறார் கொத்தனார். பக்கத்துப் புஞ்சைக்காரர் எனக்குப் பெரியப்பா முறை. பாதையை உயர்த்தினால் தன் காட்டில் தண்ணீர் நிற்கும் என்று சத்தம் போடுகிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் பெரியப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது, அம்மா. முக்கால் அடி உயர்த்தினாலே பாதை ஒரு வரப்பு மாதிரி ஆகிவிடும். மேட்டுப் பக்கத்துத் தண்ணீர் அதைத் தாண்டிப் போகாது. அடுத்த மழை பெய்யும்போது அவரையும் கூட்டிக்கொண்டு குடையோடு பாதையில் நடந்து பாருங்கள். தண்ணீர் எந்த இடத்தில் குறுக்கே ஓடுகிறது என்று அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். ஒரு அடி விட்டமுள்ள சிமெண்ட் குழாயை அங்கே குறுக்கே பதித்துவிட்டால் அவர் காடும் பிழைக்கும், உங்கள் பாதையும் பிழைக்கும். அப்படியே அந்தப் பாதை புல வரைபடத்தில் யார் பேரில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிமெண்ட் ரோடு இப்போது வேண்டவே வேண்டாம். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஊறி உப்பியிருக்கிற மண்மேல் இன்று கான்கிரீட் போட்டால், கோடையில் அடிமண் இறங்கிவிடும், மேலே இருப்பது அந்தரத்தில் நிற்கும். ஒரு லோடு செங்கல் வண்டி ஏறினால் போதும், உடைந்துவிடும்.

கிராவலை, அதாவது சரளை மண்ணை, நேரே சேற்றில் கொட்டுவதும் வீண்தான். நான் முதன்முதலில் தனியாக எடுத்துச் செய்த வீடு அருப்புக்கோட்டைப் பக்கம், இதே கரிசல்தான். கார்த்திகை மழையில் அவசரத்துக்கு நாலு லோடு செம்மண் கிராவல் கொட்டி நிரவினேன். பத்தே நாளில் பாதை பழைய கருப்பு நிறத்துக்குத் திரும்பிவிட்டது. மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தால் சிவப்பும் கருப்பும் பிசைந்த மாவு போல ஒன்றாகக் கிடந்தன. சக்கரம் அழுத்த அழுத்தக் கிராவல் கீழே போகிறது, சேறு மேலே வருகிறது. இரண்டும் கலக்காமல் நடுவே ஏதாவது தடுத்தால்தான் போட்ட காசு நிற்கும்.

அதற்கென்றே ஜியோ டெக்ஸ்டைல் என்று ஒரு துணி ரோலாகக் கிடைக்கிறது. தண்ணீரை விடும், சேற்றை விடாது. காலி சிமெண்ட் சாக்கை விரித்தால் போதாதா என்று கேட்பார்கள். சாக்கு இடைவெளி விட்டு விலகிவிடும், அதனால் துணியையே வாங்குங்கள். ஒரு துண்டின் மேல் அடுத்த துண்டு இரண்டடி ஏறியிருக்கட்டும்.

மழைக்காலத்தில் பாதையை ஜேசிபி வைத்துச் சுரண்டவே விடாதீர்கள். இதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். தோண்டினால் அது குளம். மேலே இருக்கிற அருகம்புல்லின் வேர்தான் இன்றைக்கு உங்கள் பாதையைக் கொஞ்சமாவது பிடித்து வைத்திருக்கிறது. லாரி புதைந்த இடத்தையும் புதையாத இடத்தையும் உட்கார்ந்து பாருங்கள். புல் இருக்கிற பக்கம் டயர் தடம் ஆழமில்லாமல் மேலாகத்தான் விழுந்திருக்கும். ஒரு கடப்பாரையை எடுத்து ஐந்தடிக்கு ஒருமுறை அழுத்திப் பார்த்தால் எந்த இடம் இளக்கம் என்பது கைக்கே தெரிந்துவிடும்.

200 அடியும் இளக்கமாக இருக்காது. பள்ளமான 60 அடியை மட்டும் இப்போது சரி செய்யுங்கள். டயர் குழியில் நிற்கிற தண்ணீரை வடித்துவிட்டு, குழியைச் சக்கைக் கல்லால் (உடைத்த கருங்கல் துண்டுகள்) நிரப்பிச் சமப்படுத்தி, புல்லின் மேலேயே துணியை விரித்து, முக்கால் அடி கனத்துக்குக் கருங்கல் சக்கை போடுங்கள். 12 அடி அகலத்துக்குக் கணக்குப் போட்டால் 540 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட், அதனால் ஏறக்குறைய ஐந்தரை யூனிட். அமுங்கும் என்பதால் ஏழு யூனிட்டாகச் சொல்லிவிடுங்கள். தார் ரோட்டுப் பக்கமிருந்து தொடங்கி, போட்ட கல்லின் மேலேயே லாரி பின்பக்கமாக வந்து அடுத்த லோடைக் கொட்ட வேண்டும். வெறும் துணிமேல் சக்கரம் ஏறவே கூடாது. இருபுறமும் ஒன்றரை அடி வாய்க்கால் வெட்டி, எடுத்த கரிசலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

தை பிறந்து மண் காய்ந்ததும் மீதிப் பாதைக்கும் இதையே செய்து, மேலே செம்மண் கிராவல் பரப்பி, தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டுங்கள். நடு உயரமாகவும், ஓரத்துக்கு மூன்று அங்குலம் தாழ்வாகவும் இருக்கட்டும். வீட்டு வேலை முடிந்து ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்த பிறகு, விருப்பமிருந்தால் அதன் மேல் கான்கிரீட் போடலாம்.

அதுவரை பெரிய லாரியை உள்ளே விடாமல், தார் ரோட்டை ஒட்டிய உங்கள் மேட்டு நிலத்தில் சரக்கை இறக்கி, டிராக்டரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவாருங்கள். கூலி கூடும், ஆனாலும் ஜேசிபி வாடகைக்குப் பரவாயில்லை. கலந்த கான்கிரீட் கொண்டுவரும் ரெடிமிக்ஸ் வண்டியும் இந்த மழைக்கு ஆகாது. நிறை லோடில் 25 டன்னும் அதற்கு மேலும் கனக்கும். சிமெண்ட் மூட்டையைப் பலகைமேல், சுவரை விட்டு ஒரு அடி தள்ளி, பத்து மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்குங்கள்.

மறுபடியும் வண்டி புதைந்தால் டிரைவரை ஆக்ஸிலேட்டர் மிதிக்க விடாதீர்கள். சக்கரம் சுற்றச் சுற்றக் குழி ஆழமாகும். வந்த தடத்திலேயே பின்னால் இழுங்கள். பாரத்தைக் குறைக்கிறேன் என்று அங்கேயே தொட்டியைத் தூக்குவார்கள், அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். ஒரு பக்கச் சக்கரம் இறங்கி நிற்கும்போது தொட்டியைத் தூக்கினால் வண்டி சாய்ந்துவிடும். மண்வெட்டியால் வாரித்தான் இறக்க வேண்டும். கெட்டித் தரையில் இறக்கும்போதுகூட டிப்பருக்குப் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. சித்தாள்களிடமும் பிள்ளைகளிடமும் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.