வாரியாரும் உங்கள் அம்மாவும்

அன்புள்ள அக்கா,

எட்டு வயதில் செந்தூலில் ஒரு கோயிலில் ஆன்மிகச் சொற்பொழிவுக்கு வந்த கிருபானந்த வாரியார் சுவாமிகளைப் பார்த்தேன். எனக்கு அப்போது திக்குவாய். கதைக்கு நடுவே கேள்வி கேட்டார், தட்டுத்தடுமாறிப் பதில் சொன்னேன். விபூதி பூசி ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார். அன்றோடு திக்கல் போயிற்று. (அந்தப் புத்தகத்தை அம்மா தினமும் வாசிக்க வைத்தார்.) இது அவர் அருள்தானே? அவர் படத்தைப் பூஜையறையில் வைக்கலாமா?

ச., கோலாலம்பூர்

அன்புள்ள ச.,

படத்தைத் தாராளமாக வையுங்கள். எனக்குக் கோபம் வந்தது அந்த அடைப்புக்குறியில்தான். பெற்றவளை அடைப்புக்குறிக்குள் போடலாமா தம்பி? எத்தனை மாதம் உட்கார்ந்தார்? உலையை வைத்துவிட்டா, வேலையெல்லாம் முடிந்தா? நீங்கள் திக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொண்டார்? ஒன்றுமே எழுதவில்லை.

போன வாரம் என் பாட்டியின் திதி. அவர் நினைப்பாகவே இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

எனக்கும் ஒரு புத்தகம் கிடைத்தது, பினாங்கில், ஒன்பது வயதில். மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்தேன். தமிழ் பேசுவேன், ஓர் எழுத்து தெரியாது. வாரியார் கதையை முடித்ததும் பிள்ளைகள் வரிசையில் நின்றோம். உள்ளங்கை அகலத்தில் கந்தர் சஷ்டி கவசம். வாங்கிய வேகத்தில் திறந்து, படிப்பதுபோல் பிடித்துக்கொண்டேன். அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல், என் கையிலிருந்த புத்தகத்தைத் திருப்பி நேராக்கினார். தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். அதற்குள் அடுத்த பிள்ளை வந்துவிட்டது.

பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். எழுத்து வாசனை கிடையாது, ஆனால் கவசம் முழுக்க மனப்பாடம். ஆயர் ஈத்தாம் வீட்டில் விளக்கு வைத்தபிறகு அவர் சொல்லச் சொல்ல நான் அச்சில் விரல் வைத்துத் தேடுவேன். அதில் 'காக்க' திரும்பத் திரும்ப வருமல்லவா? பாட்டி வாயில் அது வரும்போதெல்லாம் தாளிலும் ஒரே உருவம் வந்தது. அப்படித்தான் 'க' பிடிபட்டது. பிறகு ஒவ்வொன்றாக. விரல் வழிதவறி நின்றால் பாட்டி மறுபடி முதல் வரிக்குப் போவார். நடுவிலிருந்து சொல்ல அவருக்கு வராது. ஒரு நாள்கூடச் சலித்துக்கொண்டதில்லை.

வாரியாரும் பள்ளிக்கூடம் போனவரல்லர். 1906இல் காங்கேயநல்லூரில் பிறந்தவருக்குத் தமிழையும் இசையையும் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தவர் தந்தை மல்லையதாசர். 1993இல் லண்டனிலிருந்து திரும்பும் விமானத்தில் உயிர் பிரியும்வரை ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் அவர். ஒரு பிள்ளையின் பக்கத்தில் வருடக்கணக்காக உட்கார்வது என்னவென்று அவருக்குத் தெரியும். நம் ஊரில் நாலு நாள் தங்குகிறவரால் அதைச் செய்ய முடியாது. அதனால்தான் வீட்டில் யாராவது உட்காருவார்கள் என்று நம்பிப் புத்தகமாகக் கொடுத்தார் என்பேன். 'அன்றோடு போயிற்று' என்கிறீர்கள். அம்மா பட்ட பாட்டையெல்லாம் வாரியார் கணக்கில் எழுதுகிறீர்கள். அவரை நேசிக்கிற நீங்கள் அவருக்கு இதைச் செய்யலாமா?

அம்மா இருந்தால் இன்றைக்கே கேளுங்கள், எந்த வரியில் அதிகம் திக்கினீர்கள் என்று. நிச்சயம் சொல்வார். கேட்டு எனக்கு எழுதுங்கள்.

என் புத்தகம் இன்னும் இருக்கிறது. முதல் நாலு பக்கம் பாட்டியின் எண்ணெய்க்கை பட்டு, பின்பக்க எழுத்து தெரிகிற அளவுக்குக் கண்ணாடியாகிவிட்டது. கடைசிப் பக்கங்களில் ஒரு கறைகூட இல்லை.

அன்புடன்,
அக்கா